குளத்து நீரும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

ஐதராபாத்தை அடுத்த காஜிபள்ளி ஏரியில் மருந்தாலைக் கழிவு கலந்திருந்தது. அதன் படிவுகளில் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள் மிகுந்திருப்பதை 2014இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. மருந்து கலந்த நீரில் அதைத் தாங்கும் கிருமிகளே எஞ்சுகின்றன. அவ்வாற்றலைப் பிற கிருமிகளுக்கும் அளிக்கின்றன. அவை நோயாளியைத் தொற்றினால் வழக்கமான மாத்திரைகள் பயனளிப்பதில்லை. வீரியமிக்க ஊசி மருந்துகளை நாங்கள் நாட வேண்டியுள்ளது.

நம் நொய்யல் வழிக் குளங்களிலும் கழிவுநீர் கலக்கிறது. உட்கொள்ளும் ஆன்டிபயாடிக்கின் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறிக் கழிவுநீரில் சேர்கிறது. எனவே நாங்கள் வேண்டுவன:

மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கை உட்கொள்ளாதீர்கள். எஞ்சியதைக் கழிவறையில் கொட்டாமல் மருந்தாளுநரிடம் கேளுங்கள். குளத்து நீரில் புண்ணைக் கழுவாதீர்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுங்கள். மருந்துக்கு அடங்காத இக்கிருமிகளும் கொதிநீரில் மடியும்.