தொய்வு நோயும் அழற்சியைத் தணிக்கும் மருந்தும்



தொய்வு நோயினர் வாழும் வீட்டாருக்கு இரவின் நீளம் நன்கு தெரியும். நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், வெளிவிடும் காற்று சீழ்க்கைபோல் ஒலிக்கும். அவ்வேளையிற் கைகொடுப்பது, பெரும்பாலும் நீலநிறமான, மருந்துக்குழல். 1969 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவிற் புழக்கத்துக்கு வந்த சல்பியூட்டமோல் என்னும் மருந்தே அதனுள் இருப்பது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகின்றது. நோய் போயிற்றென நோயாளி கண்ணயர்கின்றார். உண்மையிற் போயிற்றா?

சுவாசக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசைகள் உள்ளன. நீலக்குழல் மருந்து, இறுகிய அத்தசைகளைத் தளர்த்துகின்றது, அவ்வளவே. குழாய்களின் உட்சுவரோ சிவந்து, வீங்கி, சளி சுரந்தவண்ணமே இருக்கின்றது. இதனையே வைத்தியர்கள் அழற்சி என்பர். அழற்சியுற்ற குழாய் புழுதி, புகை, தடிமன் எதனையும் பொறாது, மீண்டும் இறுகும். கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்து என்ன பயன்?

அழற்சியைத் தணிப்பவை ஸ்டீரொயிட் வகை மருந்துகள். 1972 இல் பெக்லோமெதசோன் என்னும் மருந்து, வாயால் இழுத்துச் சுவாசிக்கும் வடிவிற் பிரித்தானியாவில் வெளிவந்தது. இத்தகைய மருந்துகளை நாள்தோறும் இழுத்துவரின், அழற்சியைத் தூண்டும் கலங்கள் அடங்கும். ஆயின் பலன் முற்றாகத் தெரிய நாட்களோ வாரங்களோ செல்லும். எனவே, பயனில்லையெனக் கைவிடுவோர் உளர். சுகம் வந்துவிட்டதெனக் கைவிடுவோரும் உளர். இரண்டும் தவறு.

ஸ்டீரொயிட் என்றதும் அஞ்சுவோர் ஒன்றைக் கருதவேண்டும். குளிசையின் அளவு மில்லிகிராமில். இழுக்கும் மருந்தின் அளவு மைக்கிரோகிராமில், அதாவது மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. மருந்து நேரே சுவாசக் குழாயைச் சேர்வதாற் சிறிதளவே போதும். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால், வாயிற் பூஞ்சணம் பற்றுவதும் குறையும்.

இலேசான தொய்வுடையோரும் திடீரென மூச்சடைத்து இறப்பதுண்டு. ஆதலாலேயே, தொய்வு பற்றி உலக வைத்தியர்களுக்கு வழிகாட்டும் 'கினா' என்னும் அமைப்பு, வளர்ந்தோரையும் பதின்ம வயதினரையும் நீலக்குழல் ஒன்றினால் மட்டும் பராமரித்தல் கூடாதென 2019 இல் அறிவித்தது. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் உடன் வேண்டும் என்றது.

உங்கள் வீட்டு நீலக்குழல் முன்னரிலும் விரைவாகத் தீர்ந்துபோகின்றதா? அது, உள்ளே அழற்சி மிகுகின்றதென்பதற்கான எச்சரிக்கை. புதிய குழல் வாங்குவதோடு அமையாது, வைத்தியரிடம் செல்லுங்கள்.