ஏர்கோன் பில் ஏன் ஏறுகிறது?

சாலாக் செலாத்தான் கடைவரிசையில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். முடிதிருத்தகம், சாப்பாட்டுக் கடை, சிறு அலுவலகம் என எங்கும் ஏர்கோன் ஓடும். பல இடங்களில் கதவு பாதி திறந்திருக்கும். ரிமோட்டில் 18 டிகிரி. மின்கட்டண பில் வந்ததும் முதலாளி விளக்கை அணைக்கச் சொல்வார். ஆனால், நம் நாட்டு வெயிலில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் குளிர்தான்.

இங்கிருந்து கொமுட்டர் ரயிலேறினால் அடுத்த நிலையம் பண்டார் தாசிக் செலாத்தான். அங்கே ரயில் மாறி புத்ராஜெயா போனால், இதற்கு விடை சொல்லும் கட்டடம் ஒன்றைக் காணலாம். எரிசக்தி ஆணையத்தின் தலைமையகமான அந்த 'டைமண்ட்' கட்டடம் 2010இல் கட்டி முடிக்கப்பட்டது.

ஏழு மாடிகள். கீழே குறுகி, மேலே அகன்று, தலைகீழ்ப் பிரமிடு போல் நிற்கிறது. மேல்மாடியே கீழ்மாடிக்குக் குடை பிடிப்பதால் வெயில் கண்ணாடியில் நேராக விழுவது குறைகிறது. கான்கிரீட் தளங்களுக்குள் பதித்த குழாய்களில் இரவு முழுவதும் குளிர்நீர் ஓடுகிறது. குளிர்ந்த தளம் பகலில் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, ஏர்கோனின் சுமை குறைகிறது. வழக்கமான அலுவலகக் கட்டடம் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இதற்குப் போதுமாக இருக்கிறது. 2012இல் ஆசியான் எரிசக்தி விருதும் கிடைத்தது.

கடைக்காரர் தளத்தை உடைத்துக் குழாய் பதிக்க முடியாது. ஆனால், 'முதலில் வெப்பத்தை வெளியே நிறுத்து, பிறகு குளிரூட்டு' என்ற பாடத்தைப் பின்பற்றலாம்.

வெயில் படும் கண்ணாடிக்கு வெளியே நிழல் கொடுங்கள். கதவை மூடுங்கள். திறந்த கதவு வழியே வெப்பம் மட்டுமல்ல, ஈரமும் நுழைகிறது. அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றவும் ஏர்கோன் மின்சாரம் செலவழிக்கிறது. பின்புறக் குழாயில் சொட்டுவது அதுதான். வடிகட்டியைத் தவறாமல் கழுவுங்கள். வெளியே இருக்கும் கம்ப்ரசர் பெட்டியின் முன் அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள். வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

ரிமோட்டை 24இல் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழல விடுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினாலே சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று இந்திய மின்துறை அமைச்சு 2018இல் கணக்குச் சொன்னது.

மலேசியாவின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் எரிசக்தி நிர்வாகக் கடமைகள் அதிக எரிசக்தி செலவிடும் நிறுவனங்களுக்கும் பெரிய கட்டடங்களுக்கும்தான். சிறு கடையின் கதவை அது தட்டாது. மாதந்தோறும் தட்டுவது பில்தான்.