பாதியில் நின்ற தையல்

உம்மா வபாத்தாகி மூன்று மாதங்களின் பின்னர் அவரது அலுமாரியைத் திறந்தோம். ராத்தாவும் என் மனைவியும் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மேல்தட்டின் மூலையில், பழைய தலையணை உறை ஒன்றுக்குள் ஏதோ சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். பாதி தைத்த ஒட்டுப் போர்வை.

நான்கு அங்குலச் சதுரத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருந்தார். என் மத்ரஸாக் காலத்து வெள்ளை ஜுப்பா, வாப்பாவின் கோடு போட்ட சாரம், ராத்தாவின் பெருநாள் கவுன், மூத்தும்மாவின் சீத்தைத் துணி... ஒவ்வொரு துண்டையும் தொட்டு இது இன்னாருடையது என்று சொல்ல முடிந்தது. ஒன்பது துண்டுகள் கொண்ட வரிசைகள் ஐந்து முடிந்திருந்தன. கடைசித் துண்டில் ஊசி குத்தியபடியே இருந்தது. துருப்பிடித்து, துணியிலும் பழுப்புக் கறை படிந்திருந்தது. மீதி 36 துண்டுகளும் வெட்டி, அடுக்கி, ஒரு நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

“இது உங்கட மூத்த மகள் வயிற்றில இருக்கும்போது உம்மா தொடங்கினது தம்பி” என்றார் ராத்தா.

அந்த மகளுக்கு அப்போது 13 வயது.

எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஊர் வெலிமடைப் பக்கம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். பேரப்பிள்ளைக்கென்று உம்மா ஜன்னலோரம் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் நான் சொன்னேன்: “உம்மா, கடையில நல்ல கம்பளி கிடைக்குதே. இதுக்குப் போய் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்றீங்க?” கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உம்மா சிரித்துவிட்டுத் துணியை மடித்து வைத்தார். அதன் பிறகு நான் வீட்டில் இருக்கும் நேரங்களில் அவர் அதைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

நேரத்தின் அருமை பற்றி மிம்பரில் எத்தனையோ தடவை பேசியவன் நான். ஒரு தாய் தன் பேத்திக்காகச் செலவிட்ட நேரத்தை வீண் நேரம் என்று எண்ணியிருக்கிறேன். இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

கைவேலையும் நம் முன்னோரும்

சகோதரிகளே, ஊசியும் நூலும் சிறிய விடயமல்ல. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்று சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் உள்ள அறிவிப்பு கூறுகிறது.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவமும் புகாரியில் உண்டு. ஒரு பெண்மணி தன் கையாலேயே நெய்த போர்வை ஒன்றை நபியவர்களிடம் கொண்டு வந்து, தங்களுக்கு அணிவிப்பதற்காகவே இதை நெய்தேன் என்றார். அது கரையும் சேர்த்து நெய்யப்பட்டிருந்தது என்பதையும் அறிவிப்பாளர் மறக்காமல் சொல்கிறார். நபியவர்களுக்கு அது தேவையாக இருந்தது. ஏற்று, உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அதைக் கண்ட ஒரு தோழர் கேட்கவே, அவருக்கே கொடுத்தும் விட்டார்கள். தமக்குக் கபனாக வேண்டுமென்றே அவர் கேட்டிருந்தார். அவ்வாறே அது அவருடைய கபனும் ஆயிற்று. அந்தப் பெண்ணின் பெயர்கூட அந்த அறிவிப்பில் இல்லை. கரை வரை முடித்துக் கொண்டு வந்து கொடுத்தார் என்பது மட்டும் இன்றுவரை ஓதப்படுகிறது.

உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தம் மனைவியரில் கை நீளமானவரே தம்மை முதலில் வந்து சேர்வார் என நபியவர்கள் சொல்லியிருந்தார்கள். மனைவியர் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20இல் முதலில் வபாத்தானவர் ஸைனப் (ரலி) அவர்கள்தாம். அவர் தம் கைகளால் உழைத்து ஸதகா செய்து வந்தவர் என்றும், கை நீளம் என்பதன் கருத்து அப்போதுதான் விளங்கிற்று என்றும் ஆயிஷா (ரலி) விளக்கியுள்ளார்கள். தோல் பதனிடுவதும் தைப்பதுமே அவர் செய்த கைவேலை.

பழந்துணியைச் சேர்த்துத் தைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதுமல்ல. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நிற நூலை உருவி, நெருக்கமான ஓட்டுத்தையல் போட்டு ‘காந்தா’ என்னும் போர்வை செய்கிறார்கள். சிந்து மாநிலத்துப் பெண்கள் செய்வது ‘ரல்லி’. காசு கொடுத்து வாங்க முடியாத வீடுகளிலேதான் இவை பிறந்தன. கிழிந்ததை எறியாமல் பிள்ளைக்குச் சூடு கொடுக்கும் பொருளாக மாற்றுவது, வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கத்துக்கு உகந்த செயலே.

எங்கே நின்று போகிறது?

உறுதியாக நூல் நூற்றுவிட்டு, பின்னர் அதைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணை அல்லாஹ் ஸூரா அந்நஹ்லின் 92ஆவது வசனத்தில் உதாரணம் காட்டுகிறான். சத்தியத்தையும் உடன்படிக்கையையும் முறிப்போருக்கான எச்சரிக்கை அது. பாதியில் நின்ற போர்வைக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பட்ட பாடெல்லாம் பயனின்றிப் போவது எத்தனை கைசேதம் என்பதை அந்த உதாரணம் நமக்கு உணர்த்துகிறது.

உம்மாவின் கணக்கைப் பார்ப்போம். 36 அங்குலச் சதுரமான பிள்ளைப் போர்வைக்கு நான்கு அங்குலத் துண்டுகள் 81 வேண்டும். மீதியிருந்தவை 36. நாளொன்றுக்கு ஆறு துண்டு தைத்தால் ஆறு நாள் வேலை. அந்த ஆறு நாள் 13 வருடங்களாகக் கிடைக்கவில்லை.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழியை எல்லோரும் அறிவோம். அதை எங்கள் வீட்டில் ஊசியில் பரீட்சித்துப் பார்த்தோம். என் மகளும் மனைவியும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஆறு துண்டுதான். ஆசை வந்தாலும் கூட்டுவதில்லை, அலுப்பு வந்தாலும் குறைப்பதில்லை. ஏழாம் நாள் ஒன்பது வரிசைகளும் நிறைந்திருந்தன.

இனி ஒரு சிக்கல். 36 அங்குலப் போர்வை 13 வயதுப் பிள்ளைக்குக் காணாது. உம்மாவின் நூற்சேலைகளைக் கிழித்துச் சுற்றிலும் 12 அங்குலக் கரை வைத்தால் 60 அங்குலச் சதுரமாகும் என்று மகள் சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் மரணித்தவரின் உடுதுணியும் வாரிசுச் சொத்தே. ஊசி நூல் என்றாலும் அதில் எல்லா வாரிசுகளுக்கும் பங்குண்டு. நானா இருவருக்கும் தொலைபேசியில் விடயத்தைச் சொல்லி, ராத்தாவிடமும் கேட்டு, எல்லோரும் பொருந்திக்கொண்ட பின்னரே கத்தரிக்கோலை எடுத்தோம்.

வேலை பெரும்பாலும் மூன்று இடங்களில் நின்றுவிடுவதாக என் மனைவி சொல்கிறார். தையல் தெரிந்த அவரது அனுபவத்தை உங்களுக்காக எழுதிக்கொண்டேன்.

முதலாவது, துணி சேர்க்கும் இடம். இன்னும் நல்ல துண்டு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். புதுத் துணியானால் வெட்டுமுன் கழுவி உலர்த்துங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். சிவப்பையும் கருநீலத்தையும் தனியே நனைத்துப் பாருங்கள். நான்கு அங்குலச் சதுரம் வேண்டுமானால் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும்.

இரண்டாவது, மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்க்கும் இடம். பலர் இங்கேதான் சோர்ந்து போகிறார்கள். தரையில் அடித்துணியைச் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் நடுத்துணியையும் மேல்துணியையும் பரப்பி, ஒரு சாண் இடைவெளியில் பெரிய நூலோட்டம் போட்டுவிடுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி திரண்டு நிற்கும். நூலை ஒன்றரை அடிக்கு மேல் எடுக்க வேண்டாம். நீண்ட நூல் சிக்கும். நடுவில் பழைய சேலையோ மெல்லிய கம்பளியோ வைத்தால் கழுவுவது இலகு. பஞ்சு வைப்பதானால் தையல் வரிகளை நான்கு அங்குலத்துக்குள் நெருக்கிப் போடுங்கள். இலவம் பஞ்சு வேண்டாம். தண்ணீர் பட்டால் அது கட்டி கட்டியாகிவிடும்.

மூன்றாவது, கரை கட்டும் இடம். இன்னும் கொஞ்சம்தானே என்று ஒதுக்கி வைத்துவிடுவோம். அந்தக் கொஞ்சம் வருடக்கணக்கில் கிடக்கும். இரண்டரை அங்குல அகலக் கீற்றுகளை வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கரையில் தைத்து, மறுபக்கம் திருப்பிக் கைத்தையலால் மறைக்க வேண்டும். 60 அங்குலச் சதுரத்துக்குச் சுற்றளவு 240 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் பத்து அங்குலம் கூட்டினால் ஏறக்குறைய ஏழு யார் கீற்றுப் போதும். இந்தக் கீற்றை முதல் நாளே வெட்டிச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதைத் தேடி அலையும் வேலை இராது.

இன்னுமொன்று: வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் விட்டுவிடாதீர்கள். உம்மாவின் போர்வையில் படிந்த துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தோம். மங்கியது, போகவில்லை. மேலே ஒரு பூ தைத்து மறைப்போமா என்று மனைவி கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். “பெத்தும்மா தைச்சது இதுவரைக்கும், நாங்க தைச்சது இதிலிருந்து. அது தெரியட்டும் உம்மா.”

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் பெண்கள் வாசித்துவிட்டு வீட்டு ஆண்களிடமும் கொடுங்கள். பெண்ணின் கைவேலை பாதியில் நிற்பதற்கு அவளது சோம்பல்தான் காரணம் என்று எண்ணுகிறோம். என் உம்மா ஒருநாளும் சோம்பியிருக்கவில்லை. ஊசியைக் கையில் எடுத்தால் ஒருவருக்குத் தேநீர் வேண்டும், ஒருவருடைய சட்டையில் பொத்தான் இல்லை, வாசலில் விருந்தாளி. எங்கள் பொத்தான்களையெல்லாம் தைத்து முடித்தவருக்குத் தன் போர்வையைத் தைக்க நேரம் இருக்கவில்லை. போதாக்குறைக்கு என் பேச்சு வேறு.

அந்த அரை மணி நேரத்தில் தேநீர் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் சாயம் கூடிப்போயிற்று. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, மகள்தான் சிரித்தாள். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கவும் பழகிக்கொண்டேன். நபியவர்கள் தம் வீட்டில் செய்த வேலையோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்?

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். தையலில் மூழ்கி வக்துத் தொழுகையைப் பிற்படுத்தி விடாதீர்கள். புதிய வேலையைத் தொடங்குமுன் அலுமாரியில் உறங்கும் பழையதை எடுத்துப் பாருங்கள். எத்தனை துண்டு மீதி என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாருக்கென்று நிய்யத் வைத்தீர்களோ அவரிடம், அவரும் நீங்களும் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டால் கரை வைத்துப் பெருப்பியுங்கள், அல்லது குளிரில் வாடும் அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஸதகாவாகக் கொடுங்கள்.

எங்கள் போர்வை ஏழாவது வாரம் முடிந்தது. அன்றிரவு மகள் அதைப் போர்த்திக்கொண்டு உறங்கினாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வாப்பாவின் சாரத் துண்டு அவள் தோளில் கிடந்தது. உம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இனி துஆவில்தான் கேட்கலாம்.

யா அல்லாஹ், எங்கள் தாய்மார் எங்களுக்காகத் தொடங்கி முடிக்காமல் போன நற்காரியங்களை எங்கள் கைகளால் நிறைவு செய்வாயாக. அவர்களின் கப்றுகளை விசாலமாக்கி ஒளி நிறைந்ததாக ஆக்கி வைப்பாயாக. ஆமீன்.