நாகதாளி: உறுப்பமைப்பும் ஒழிக்கும் முறையும்

நாகதாளி, சப்பாத்திக்கள்ளி எனவும் வழங்கப்படும். இதன் தாவரவியற் பெயர் ஒப்பன்சியா டில்லெனி. இஃது இந்நாட்டிற்குரியதன்று; மெக்சிக்கோ, கரிபியன் தீவுகள் ஆகியவற்றின் கரையோரமே இதன் தாயகம். அம்பாந்தோட்டையில் புந்தல தேசியப் பூங்காவில் இது பெருகி இயற்கைத் தாவரங்களை நெருக்கியுள்ளது. சாகாமம் போன்ற, கரையை அடுத்த ஊர்களின் வறண்ட மேட்டுநிலமும் இதற்கு ஏற்றதாகையால், கமக்காரர் இதனை அறிந்திருத்தல் நன்று.

தண்டு: இலைபோலத் தோன்றும் தட்டையான பச்சை மடல்கள் உண்மையில் தண்டுகளே. மெய்யான இலைகள் மிகச் சிறியவை. இளமடலில் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். மடலை மெழுகுப்பூச்சு மூடியிருக்கும். அதன் நுண்துளைகள் பெரும்பாலும் இரவிலேயே திறப்பதால் நீர் வீணாவதில்லை. சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும். நாகதாளியில் கொழகொழப்பான நீரே கசியும்.

கண்ணும் முள்ளும்: மடலெங்கும் கண்கள் உள்ளன. ஒவ்வொரு கண்ணிலும் மஞ்சள் நிற முட்களும், அவற்றினடியில் மயிர்போன்ற சுணைகளும் இருக்கும். சுணையின் நுனி கொளுவியுடையது. தோலிற் பட்டால் எளிதில் வெளிவராது. மாடுகளின் வாயையும் முட்கள் புண்ணாக்கும்.

பூவும் பழமும்: பூ மஞ்சள் நிறமானது. பழம் கருஞ்சிவப்பானது, உள்ளே கடினமான விதைகள் பல உண்டு. பழத்தைத் தின்னும் பறவைகளும் விலங்குகளும் விதையைப் பரப்புகின்றன.

வெட்டினால் விளைவது: கண்ணிலிருந்து முள் மட்டுமன்றி வேரும் புதிய மடலும் தோன்றும். ஆகவே கத்தியால் வெட்டி வேலியோரத்தில் எறியப்படும் ஒவ்வொரு மடலும் ஒரு புதிய செடியாகலாம். மடலில் நீர் சேர்ந்திருப்பதால் அது பல வாரங்கள் வாடாது கிடந்து, மழை கண்டதும் வேர்விடும். வாய்க்காலில் எறிந்தால் வெள்ளம் அதனை அயலவரின் நிலத்திற்குக் கொண்டு சேர்க்கும். நீர் தேங்கும் வயலில் இது நிலைக்காது. வரம்பை அடுத்த மேடும் மரக்கறித் தோட்டமுமே கவனிக்கத்தக்கவை.

ஒழிக்கும் முறை:
1. காய்க்குமுன், செடி சிறிதாயிருக்கும்போதே, மண்வெட்டியால் வேரோடு அகழ்தல் வேண்டும்.
2. மடல்களைக் கவைக்கம்பினால் எடுத்தல் வேண்டும், வெறுங்கையால் தொடலாகாது.
3. உதிர்ந்த துண்டுகள் யாவற்றையும் திரட்டி ஆழமான குழியிற் புதைத்தல் வேண்டும். அல்லது நன்கு உலர்த்தி எரித்தல் வேண்டும்.
4. வடகீழ்ப் பருவமழையின் பின் அவ்விடத்தை மீண்டும் பார்த்து, முளைத்தவற்றைக் களைதல் வேண்டும்.

நன்மை செய்யும் பூச்சி: மடலில் வெண்பஞ்சு போன்று படிந்து, நசுக்கினால் செந்நீர் கசியும் பூச்சி, நாகதாளியின் சாற்றை உறிஞ்சி அதனை அழிப்பது. இது 1924இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவிற்கும் கொண்டுசெல்லப்பட்டது. தென்னிந்தியாவில் பரந்த நாகதாளிப் புதர்கள் இதனால் சில ஆண்டுகளில் மடிந்தன. இப்பூச்சி படிந்த செடியைக் கண்டால் மருந்து தெளிக்காது, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.

ஒரு செடியை வேரோடு அகழ்வது ஒருநாள் வேலை. வெட்டி எறிந்த மடல்களைத் தேடுவதோ பல போகங்களின் வேலையாகும்.