மிக்சட் டபுள்ஸ் ஆடிப் பிழைக்க முடியுமா?



திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பேட்மிண்டன் என்று சொன்னால், வயதில் பெரியவர்களுக்கு மஞ்சள் கம்பளிப் பந்தும் ஐந்து பேர் கொண்ட அணியும்தான் ஞாபகம் வரும். அது பூப்பந்து. நான் எழுத வந்தது இறகுப்பந்து பற்றி. அதாங்க, நாம ஷட்டில் என்கிறோமே, அது. அதிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஜோடி சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையர் ஆட்டம். இதையே தொழிலாக எடுத்துக்கொண்டால் வாழ்க்கை எப்படி ஓடும்? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷட்டிலில் 16 இறகுகள். எடை 4.74 கிராம் முதல் 5.50 கிராம் வரை. நம்ம ஊர் கடற்காற்றில் இதை வெளியே வைத்து ஆடினால், ராயபுரத்தில் அடித்தது காசிமேட்டில் போய் விழும்! அதனால்தான் நாம விடியற்காலையில், காற்று எழும்புவதற்குள், பிளாஸ்டிக் ஷட்டிலை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறோம். முறையாக ஆட உள்ளரங்கம் வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் வாடகை வேண்டும். செலவு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். அகலம் ஒற்றையருக்கு 5.18, இரட்டையருக்கு 6.1. ஆனால் இரட்டையரில் சர்வீஸ் மட்டும் பின்கோட்டிலிருந்து 76 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தாக வேண்டும். ஆகவே உயரத் தூக்கிப் போடும் சர்வீஸ் இங்கே ஆபத்து. எதிராளி அப்படியே இறக்கி அடித்துவிடுவார். வலையை உரசுவதுபோல் தாழ்வாகப் போடுகிற சர்வீஸ்தான் சோறு போடும். பெண் முன்னால் வலையருகே, ஆண் பின்னால் நின்று ஸ்மாஷ் - இது பாடப்புத்தக அமைப்பு. "முன்னாடி நிக்கிறவங்களுக்கு என்னா வேலை, சும்மா நிக்கிறாங்க" என்று நம்ம பசங்க கேலி பேசுவதுண்டு. உண்மையில் ஆட்டத்தை நடத்துவது அந்த முன்வரிசைதான். எதிராளியை ஷட்டிலை மேலே தூக்க வைப்பது முன்னால் நிற்பவர். பின்னால் இருப்பவர் அதை அடித்து முடிக்கிறார், அவ்வளவே.

இதற்கு இந்தோனேசியாவின் லிலியானா நட்சிரைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை. நோவா விடியான்டோவோடு ஜோடி சேர்ந்து 2005, 2007-ல் உலகப் பட்டம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி. நோவா அவரைவிட எட்டு வயது மூத்தவர். 2010-ல் டொன்டோவி அகமதுவோடு புது ஜோடி. புது ஜோடி என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? கலப்பு இரட்டையரில் தரவரிசை ஆளுக்குக் கிடையாது, ஜோடிக்குத்தான். ஜோடி பிரிந்தால், பழைய இடம் புது ஜோடிக்கு அப்படியே வந்து சேராது. திரும்ப ஏறி வரணும். லிலியானா ஏறினார். 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஆல் இங்கிலாந்து பட்டம். 2016 ரியோவில் ஒலிம்பிக் தங்கம். அதுவும் ஆகஸ்ட் 17 அன்று, அவர்கள் நாட்டுச் சுதந்திர தினத்தில்! 2019-ல் ஓய்வு பெற்றார்.

இனி நம்ம நாட்டுக் கதை. கோழிக்கோட்டுக்காரர் வி. டிஜு, ஹைதராபாத்தில் வளர்ந்த ஜுவாலா குட்டா. டிஜு வலக்கை, ஜுவாலா இடக்கை. எந்தப் பக்கம் ஷட்டில் வந்தாலும் ஒருவருடைய பலமான கை அங்கே இருக்கும். 2009-ல் சீன தைபே கிராண்ட் பிரி கோல்டு பட்டம் வென்றார்கள். அதே ஆண்டுப் பருவத்தின் சூப்பர் சீரிஸ் மாஸ்டர்ஸ் பைனலில் இரண்டாம் இடம். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையருக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜோடி இவர்கள்தான். அங்கே முதல் ஆட்டமே மேலே சொன்ன டொன்டோவி - லிலியானா ஜோடியோடு! அடுத்து டென்மார்க், அடுத்து கொரியா. மூன்றிலும் தோல்வி. அதற்குப் பிறகு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக் போய்விட்டது. இந்தியாவிலிருந்து கலப்பு இரட்டையரில் ஒரு ஜோடிகூடத் தகுதி பெறவில்லை. சிந்துவும் சாய்னாவும் வீட்டுக்கு வீடு தெரியும். டிஜுவை நம்ம ஹாஸ்டலில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பணக்கணக்கையும் பார்த்துவிடலாம். பெரிய சர்வதேசப் போட்டிகளில் மொத்தப் பரிசுத்தொகையை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையர் சாம்பியனுக்கு அதில் சுமார் ஏழு ரூபாய் வரும். கலப்பு இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு அதைவிடச் சில்லறைதான் கூடுதல். அதை இரண்டாகப் பிரிக்கணும்! விமான டிக்கெட், ஓட்டல், ராக்கெட் நரம்பு எல்லாம் ஆளுக்கு ஒன்று என்பதை மறக்க வேண்டாம். 2013-ல் முதல் இந்தியன் பேட்மிண்டன் லீக் ஏலம் நடந்தபோது, பெண்கள் இரட்டையர் ஆட்டத்தையே நீக்கிவிட்டு, ஜுவாலாவுக்கும் அஸ்வினி பொன்னப்பாவுக்கும் அடிப்படை விலையை 50,000 டாலரிலிருந்து 25,000 ஆக்கினார்கள். இந்த இருவரும் 2011 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர்கள் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். ஜுவாலா வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். பேசியது சரி என்பது என் கட்சி.

இதனால்தான் நம்ம நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரே பிரிவை நம்புவதில்லை. 2025 உலகப் போட்டியில் காலிறுதி வரை போன துருவ் கபிலா - தனிஷா கிராஸ்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். துருவ் ஆண்கள் இரட்டையரும் ஆடியிருக்கிறார், தனிஷா பெண்கள் இரட்டையரும் ஆடியிருக்கிறார். ஒரு ஜோடி முறிந்தாலும் இன்னொன்று இருக்குமே என்ற கணக்கு. உடம்புக்கு இரட்டை வேலை. ஜோடிக்காரருக்கு முழங்கால் போனால், நம்ம முழங்கால் நன்றாக இருந்தும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஷிப்டில் ரிலீவர் வரும் மாதிரி இங்கே யாரும் வர மாட்டார்கள்.

நம்ம தமிழ்நாட்டில் இதை நேரில் காட்டியவர் ஓசூர் நித்யஸ்ரீ சிவன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், உயரம் குறைந்தோருக்கான எஸ்.எச்.6 பிரிவில், சிவராஜன் சோலைமலையோடு கலப்பு இரட்டையர் வெண்கலப் போட்டி வரை வந்தார். இந்தோனேசியாவின் சுபான் - ரினா மர்லினா ஜோடியிடம் தோற்றார்கள். அப்புறம் ஒற்றையர் வெண்கலத்துக்கு எதிரே வந்து நின்றது அதே ரினா மர்லினா. நித்யஸ்ரீ நேர் செட்டில் ஜெயித்து வெண்கலம் வாங்கினார். சிவராஜனுக்கு அந்த பாராலிம்பிக்கில் பதக்கம் இல்லை. இருவரும் ஒரே கோர்ட்டில்தான் வியர்வை சிந்தினார்கள்!

சரி, வேலை? எங்க அப்பா கேட்கும் ஒரே கேள்வி, "இதுல மாசச் சம்பளம் வருமாடா?" வரும் வழி உண்டு. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், விமான நிலைய ஆணையம் போன்றவை விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் வேலை உத்தரவு தனித்தனி ஆளுக்குத்தான் வரும். ஒருவருக்கு வேலை கிடைத்து வெளியூர் போனால், மற்றவருக்கு ஜோடி போச்சு. என் யோசனை, டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது. அரியர் வைத்துவிட்டு ஆடுவது வேண்டாம்.

நம்ம காலேஜுக்கே வருகிறேன். மெக்கானிக்கலில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். ஜோடி கிடைப்பதே பெரிய பாடு. இரண்டு வருஷமாக என்னோடு ஆடும் கம்ப்யூட்டர் பிரிவு அக்கா இறுதியாண்டு முடித்து, ஒரகடத்தில் வேலைக்குப் போறாங்க. வாழ்த்துக்கள் அக்கா! எலக்ட்ரிக்கல் முதலாண்டில் ஒரு தங்கச்சி இடக்கை ஆட்டக்காரர் என்று கேள்வி. அவரோ, வேறு யாரோ, காலை 6 மணிக்குக் கோர்ட்டுக்கு வரலாம். ஷட்டில் நான் கொண்டு வருகிறேன்.