ஓர் ஈற்றில் இரு குட்டிகள்

செம்மறியாடு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி ஈனும். சில இனங்களோ இரண்டு, மூன்று ஈனும். இதற்குக் காரணம் தீனி மட்டுமன்று, சூலகத்திலுள்ள ஏற்பிகளுமாகும்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகின்றது. ஒன்று, முட்டைகளைத் தாங்கும் நுண்பைகளை வளர்க்கின்றது. மற்றொன்று, முதிர்ந்த பையினின்று முட்டையை வெளியேற்றுகின்றது. இரத்தம் உடலெங்கும் ஓடினும், உரிய ஏற்பியைக் கொண்ட உயிரணுவே அந்த ஹார்மோனின் கட்டளைக்கு இணங்கும். சுமார் 17 நாட்களுக்கொருமுறை வரும் பருவத்தில், இரண்டாம் ஹார்மோனுக்குரிய ஏற்பியை முந்திப் பெறும் பையே முதிர்கின்றது, ஏனையவை வாடிவிடுகின்றன.

வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆட்டில், சூலக வளர்ச்சிப் புரதத்தை ஏற்கும் மற்றோர் ஏற்பி பரம்பரையாகச் சிறிது மாறியுள்ளது. ஆகவே பைகள் சிறிதாயிருக்கும்போதே முதிர்ந்து, ஒரே சமயத்தில் பல முட்டைகள் வெளிப்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் பூருலா மெரினோ ஆட்டிலும் இம்மாற்றமே உள்ளதென 2001-இல் கண்டறியப்பட்டது. மகாராஷ்டிரத்துப் பல்டனிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரோலின் இம்மரபணுவைத் தக்காண ஆடுகளிற் சேர்த்து 'நாரி சுவர்ணா' என்னும் இனத்தை உருவாக்கியது.

தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்ற ஆடு பெரும்பாலும் இரு குட்டிகள் ஈனும். இருவரிடமிருந்தும் பெற்றால் குட்டிகள் மிகுந்து, பால் போதாமல் நலியக்கூடும். ஆகையால் அங்கத்தினர்கள் இவ்வினக் கிடாயை வாங்குமுன், சினையாட்டின் தீனிக்கும் குட்டிகளின் பாலுக்கும் வழி செய்துகொள்ளல் வேண்டும். பிழைத்து வளரும் குட்டியே வருமானமாகும்.