பஸ் போன பிறகு மிஞ்சும் தெரு: பயிற்சிப் பணத்துக்குக் கணக்குக் கேட்போம்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் விடியற்காலையிலேயே நம் குடியிருப்புகளைத் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் ஆலையிலும் உழைப்பவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும் ஏராளம். பஸ் போன பிறகு தெருவில் மிஞ்சுபவர்களைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். போலியோவில் கால் சூம்பிய அண்ணன், காது கேளாத தங்கை, இயந்திரத்தில் விரல்களைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய மாமா. திண்ணையில் ஷூ அப்பர் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களோடு சிலர் சேர்ந்துகொள்கிறார்கள். மற்றவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

இவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க அரசு பணம் ஒதுக்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் திறன் பயிற்சிச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2015 மார்ச்சில் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 19ஆவது பிரிவில், தொழிற்பயிற்சியும் குறைந்த வட்டிக் கடனும் தரும் திட்டங்களை வகுக்க அரசைக் கடமைப்படுத்துகிறது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தர வேண்டும் என்கிறது 37ஆவது பிரிவு. சொந்தத் தொழில் தொடங்குபவருக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கிராமப்புறத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம் உண்டு.

பணமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. அந்தப் பணம் நம் தாலுகாவுக்கு வந்ததா, வந்தது யார் கைக்குப் போனது என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. அலுவலகம் ஏறிக் கேட்டால், "இப்போ ஸ்கீம் எதுவும் இல்லப்பா, அப்புறம் வா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த "அப்புறம்" எப்போது வரும் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருப்பதில்லை.

வேலூர் முன்பே கற்ற பாடம்

ஊனமுற்றவருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது வேலூருக்குப் புதிதல்ல. தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், நிமிர்ந்த கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று கண்டார். 1951இல் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கியது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்றார்கள், மரப்பொம்மை செய்தார்கள். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியில் 1966இல் மறுவாழ்வு மையம் எழுந்தது. பயிற்சி கிடைத்தால் வாழ்க்கை மாறும் என்பதை இந்த மண் எழுபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது.

இரண்டு கதவு, விடுபடும் கணக்கு

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஒரு கதவு. ஆதிதிராவிடருக்கான தாட்கோ இன்னொரு கதவு. தலித்தாகவும் மாற்றுத்திறனாளியாகவும் இருப்பவர் இரண்டுக்கும் உரியவர். ஆனால் ஒரு கதவு அவரை மற்றொரு கதவுக்குக் கைகாட்டிவிடுவது எளிது.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ராணிப்பேட்டையும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம் ஆயின. பேர்ணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில் நின்றன. தோல் தொழில் ஒன்றுதான், கேட்க வேண்டிய கலெக்டர் அலுவலகம் மட்டும் மூன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் இனத்தவர். அப்படியானால் பயிற்சி பெற்ற நூறு பேரில் குறைந்தது இருபது பேராவது நம்மவராக இருக்க வேண்டும். இருக்கிறார்களா? இதுதான் கேட்க வேண்டிய கணக்கு. பயிற்சியில் ஏற்பட்ட முன்னேற்றத்துக்குப் பிரித்துக் காட்டும் புள்ளிவிவரம் வைத்திருக்க வேண்டும் என்று அதே 19ஆவது பிரிவு சொல்கிறது.

பத்து ரூபாய் மனு

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவைப் படியுங்கள். மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் பயனடைந்தார்கள் என்பதை யாரும் கேட்காமலே, உள்ளூர் மொழியில் அரசு அலுவலகம் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் நாம் கேட்போம்.

வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, தாட்கோ மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை. இவற்றைக் கேளுங்கள்:

1. கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சிக்கு வந்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?
2. எந்தெந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது?
3. தாலுகா வாரியாகப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? அதில் ஆதிதிராவிடர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்?
4. பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தவர் எத்தனை பேர்?
5. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, பயணப்படி உண்டா? அடுத்த பயிற்சிக்கு எப்போது, எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களை மறுக்கும் வாய்ப்பை அகலப்படுத்தியிருக்கிறது. எண்ணிக்கை யாருடைய தனிவிவரமும் ஆகாது.

ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை மனுவாக்க அலுவலர் உதவ வேண்டும். பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் தகவல் கிடைக்க உதவி செய்ய வேண்டும் என்கிறது 7ஆவது பிரிவு. அலுவலகம் மாறி அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம். உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தபால் ரசீதையும் மனுவின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

ராஜஸ்தானில் எழுத்தறிவு குறைந்த கூலித் தொழிலாளர்கள்தான் 1990களில் ஊர் கூடிப் பஞ்சாயத்துக் கணக்கைக் கேட்டார்கள். அந்தப் போராட்டம்தான் தேசியச் சட்டத்துக்கு வழி திறந்தது. 2019இல் அந்த மாநிலம், யாரும் மனுப் போடாமலே திட்ட விவரங்களைப் பார்க்கும் ஜன் சூச்னா இணையதளத்தைத் தொடங்கியது.

கல்லூரி செல்லும் தம்பி, தங்கைகளே, உங்கள் தெருவில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வைத்திருப்பவர் எத்தனை பேர், பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணுங்கள். மனுவுக்கு வரும் பதிலோடு அந்த எண்ணைப் பொருத்திப் பாருங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிராமசபைக்குப் போங்கள். இந்தக் கணக்கைப் பஞ்சாயத்துச் சுவரில் எழுதி வைக்கத் தீர்மானம் கேளுங்கள். அடுத்த பயிற்சி எப்போது என்பதைச் சுவரே சொல்லிவிட்டால், "அப்புறம் வா" என்று யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.